விஜயலெட்சுமியின் நெஞ்சுவலி

இன்றைக்கு இதற்கு ஒரு முடிவு கட்டியே தீருவது என்று வீரசிங்கம் தீர்மானித்தார்.

இரண்டு மாதத்தில் இது ஆறாவது நெஞ்சுவலி. வலி மனைவி விஜயலெட்சுமிக்கு. தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து ரோட்டு வரை அவளைத் தாங்கிக்கொண்டு வந்து, மர்ஸூக்கின் ஆட்டோவில் ஏற்றி, நமுனுகுல மலை மழையில் டவுன் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு ஓடுவது இவர் வேலை. ஐந்து முறையும் ஈசிஜி எடுத்தார்கள். ஐந்து முறையும் ஒன்றுமில்லை என்றார்கள்.

இவருக்கு அந்த வாசலே ஆகாது. தலைவலி என்று நடந்து உள்ளே போன அப்பா, மூன்றாம் நாள் பெட்டியில் திரும்பினார். அன்றிலிருந்து, பேரில் வீரமும் சிங்கமும் இருந்தும், தனக்கென்று ஆஸ்பத்திரிப் படி மிதித்ததில்லை. போன வருஷம் தேயிலை ஃபெக்டரியில் மயங்கி விழுந்தார். கிளினிக் போகச் சொல்லி அவள் மூன்று நாள் அழுதாள். இவர் மூன்று நாள் சாப்பிடவில்லை. அவள்தான் தோற்றாள்.

இன்றும் அவள் கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தாள். வழக்கம்போல நர்ஸ் இவர் கையிலும் பிரஷர் பட்டியைச் சுற்றினாள். ஒவ்வொரு முறையும் கூடியிருக்கிறது என்று கிளினிக்குக்குத் துண்டுச்சீட்டு தருவார்கள். "இவளத் தாங்கிக்கிட்டு வந்தா ஏறாம என்ன செய்யும்?" என்று இவர் கசக்கி எறிவார்.

டொக்டர் யோகமலர் யாழ்ப்பாணத்துக்காரி. வீரசிங்கம் அவரிடம் குரலை உயர்த்தினார்.

"டொக்டரம்மா, இவளுக்கு ஒண்ணுமே இல்லீங்க. பூரா நடிப்பு!"

"தெரியும் ஐயா."

"தெரிஞ்சுமா கட்டில் குடுக்கிறீங்க?"

"போன கிழமை அழுதழுது சொன்னவ. உங்களுக்குப் பிரஷர் பாக்கத்தான் வாறாவாம்."

வீரசிங்கம் சுற்றிப் பார்த்தார். துணைக்கு வந்த வேறு யார் கையிலும் பட்டி இல்லை.

"ஏன்டி இப்படி?"

விஜயலெட்சுமி கண்ணைத் திறந்தாள். "உங்களுக்குன்னா வரமாட்டீங்க. எனக்குன்னா ஓடி வர்றீங்க. வேற என்னாங்க செய்யிறது? மாமாவப் பெட்டியில எறக்கினப்ப நானுந்தானே பாத்தேன்."

இவர் பட்டியைக் கழற்றப் போனார்; நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டொக்டர் அளவைப் பார்த்தார். முகம் மாறியது. "இண்டைக்கு நல்லாக் கூடிப்போச்சு ஐயா. வீட்ட விடேலாது. வார்ட்டில நிக்கோணும்."

"கட்டில் ஒண்ணும் காலியா இல்லீங்களே," என்று கடைசியாக ஒரு வழி தேடினார்.

விஜயலெட்சுமி எழுந்து, சேலையைச் சரிசெய்து, தலையணையைத் தட்டிப் போட்டாள்.

"படுங்க. சூடுகூட ஆறல."