டைலரும் ஊசியும்

"பாஸ் காட்டினாதான் சார் உள்ள விடுவேன்" என்று மண்டபத்துக் காவலாளி குறுக்கே நின்றார்.

டைலர் போனைச் சட்டைப்பைக்குள் ஆழமாகத் தள்ளினார். உள்ளே நடக்கப்போவது, ஊசி போட்டவர்களுக்கே அனுமதி என்னும் தடுப்பூசி பாஸை எதிர்க்கும் கூட்டம். அதற்குத் தலைவரே அவர்தான். "நான் தொடுற ஒரே ஊசி தையல் ஊசி!" என்று தெருத்தெருவாக மைக்கில் முழங்கியவர். மனைவிக்கு மூச்சிரைப்பு முற்றியபோது, தன்னால் அவளுக்குத் தொற்றிவிடுமோ என்று பயந்து பக்கத்து ஊருக்கு ஓடி, ஓசைப்படாமல் ஊசி போட்டுக்கொண்டு வந்தது ஒருவருக்கும் தெரியாது. மனைவி மேல் உயிரையே வைத்திருந்தார். கொள்கை மேலும்தான்.

"என் உடம்புக்குள்ள என்ன இருக்குன்னு கேக்க நீ யாருய்யா?"

"எனக்கு எதுக்கு சார் அது? கேக்கச் சொல்லியிருக்காங்க, கேக்குறேன்."

பாஸ் கேட்டால் யாரும் காட்டக் கூடாது, வாசலிலேயே உட்கார்ந்து கூட்டத்தை நடத்திவிட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. வாசலிலோ ஈ காக்கை இல்லை. டைலர் செயலாளருக்குப் போன் போட்டார்.

"எங்கய்யா எல்லாரும்?"

"உள்ளதான் தலைவரே! உக்கார இடமில்ல."

"எப்படிய்யா உள்ள போனீங்க?"

செயலாளர் இழுத்தார். "அது வந்து... பின்பக்கமா. சீக்கிரம் வாங்க, வேற தலைவரைப் போட்டுடலாம்னு பேச்சு அடிபடுது."

டைலர் பின்பக்கம் ஓடினார். கதவு எதுவும் இல்லை. கழிவறை ஜன்னல் ஒன்றுதான் திறந்திருந்தது. தலை போனது, தோள் போனது, தொந்தி போகவில்லை. உந்திய உந்தலில், தன் கையாலேயே தைத்த பேண்ட் டர்ரென்று கிழிந்தது. உள்ளே கைதட்டல், வெளியே காவலாளியின் விசில்.

"இறங்குங்க சார்! போலீஸைக் கூப்பிடவா?"

போலீஸ் வந்தால் கூட்டம் மொத்தமும் வெளியே வந்து வேடிக்கை பார்க்கும். மானம் கப்பலேறிவிடும். டைலர் இறங்கினார். ஒரு கையால் கிழிசலைப் பொத்திக்கொண்டு, மறு கையால் போனை நீட்டினார். திரையில் தடுப்பூசி பாஸின் பச்சை டிக் மின்னியது.

"அண்ணே" என்று காவலாளியின் காதருகே குனிந்தார். சற்றுமுன் 'நீ யாருய்யா' என்றவர்தான். "பொண்டாட்டிக்காகப் போட்டுக்கிட்டேன்ணே. உள்ள இருக்கிறவங்களுக்கு மட்டும் தெரிஞ்சிடக் கூடாது. உங்க கால்ல வேணாலும் விழுறேன்."

காவலாளி காதைத் துடைத்துக்கொண்டார்.

"போங்க சார்... உள்ள இருக்கிற அத்தனை பேரும் இதையேதான் என் காதுல சொல்லிட்டுப் போனாங்க."