புல்தரைக்குச் சவர்க்காரம் போட்டவன்

வகுப்பில் முழுதாகத் தூங்குபவனால் யாருக்கும் ஆபத்தில்லை. பாதி தூங்கிப் பாதி கேட்பவன்தான் ஆபத்தானவன். இதை நான் ஆராய்ந்து கண்டுபிடிக்கவில்லை. அந்த இரண்டாவது ஆளே நான்தான்.

கட்டாரிலிருந்து திரும்பி, குருக்கள்மடத்தில் மாமியார் வீட்டு மீன்குழம்பை வஞ்சகமில்லாமல் வெளுத்துக்கட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஹோட்டல்களின் புல்தரையிலும் பூந்தோட்டத்திலும் பூச்சி கட்டுப்படுத்தும் வேலைக்கு ஆட்களைப் பயிற்றுகிறார்கள் என்று என் மனைவி தர்ஷினி செய்தி கொண்டுவந்தாள்.

"பூச்சிக்கு மருந்தடிக்கப் பயிற்சியா? வட்டையில நெல்லுக்கு நான் அடிக்காத மருந்தா?" என்றேன்.

"அப்ப கெதியா பாஸ் பண்ணிருவீங்க. வெளிக்கிடுங்க" என்றாள்.

வகுப்பு களுவாஞ்சிக்குடியில். படிப்பித்தவர் சுபாஷினி மிஸ். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, பிள்ளைகள் விளையாடும் இடமா, மருந்து வழிந்து வாவிக்குள் போகுமா என்று அவர் கேட்கச் சொன்ன கேள்விகளைக் கேட்டு முடிப்பதற்குள் பூச்சி கிழடாகிச் செத்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. எழுத்துச் சோதனை, வாய்மொழிச் சோதனை, கடைசியில் செய்முறைச் சோதனை. மூன்றிலும் தேறினால்தான் சான்றிதழ்.

"என்ன பூச்சியெண்டு கண்ணால காணாம மருந்துப் போத்தல்ட மூடியத் திறக்கப்படா" என்பது மிஸ்ஸின் முதலாவது சட்டம். மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் பூச்சியை எப்படிக் காண்பது? சவர்க்காரம் கலந்த தண்ணீரை ஊற்றினால் அரிப்புத் தாங்காமல் மேலே வரும். இதுவரை கேட்டேன். எவ்வளவு சவர்க்காரம் என்று மிஸ் சொன்னபோது, மத்தியானம் சாப்பிட்ட புட்டு என்னை வேறு உலகத்துக்குக் கொண்டுபோயிருந்தது.

செய்முறைச் சோதனை வாவிக்கரை ஹோட்டல் ஒன்றில் நடந்தது. புல் அங்கங்கே மஞ்சளாகிக் கிடந்தது. திறமாகச் செய்பவருக்கு அங்கேயே வேலை என்று முகாமையாளர் வேறு சொல்லிவிட்டார். பின்னேரம் அதே புல்தரையில் ஒரு கலியாண வரவேற்பு. வெள்ளைத் துணி போர்த்திய கதிரைகள் வரிசையாக நின்றன. ஆளுக்கொரு சிறு கட்டத்தைக் கயிறு கட்டிப் பிரித்துக் கொடுத்த மிஸ், "நான் தேத்தண்ணி குடிச்சிற்று வாறன். மறுகா வந்து பாப்பன்" என்று போனார்.

மற்றவர்கள் வாளியும் கரண்டியுமாகக் குந்திக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு கட்டத்தில் இரண்டு பூச்சியைக் காட்டினால் முகாமையாளர் மயங்குவாரா? முழுப் புல்தரையையும் காட்ட வேண்டாமா? குசினியிலிருந்து கோப்பை கழுவும் சவர்க்காரக் கேன் ஒன்றை வாங்கிவந்து, புல்லுக்குத் தண்ணீர் போகும் தாங்கிக்குள் முழுவதையும் கவிழ்த்தேன். (கேன் அரைவாசியாகத்தான் இருந்தது. அதை நினைத்து அப்போது கவலைகூடப் பட்டேன்.) பிறகு குழாயைத் திறந்தேன்.

நிலத்தில் பதித்திருந்த தெளிகுழாய்கள் எல்லாம் ஒன்றாகச் சீறின. கொஞ்ச நேரத்தில் புல்தரை வெள்ளையாக நுரைத்தது. தூரத்தில் நின்று பார்த்தால் நுவரெலியாவில் உறைபனி படிந்தது போலிருக்கும். கிட்டே வந்தால் எலுமிச்சை வாசம்.

"ரஞ்சன் அண்ணே, மூடுங்க!" என்று எவனோ கத்தினான். மூடினேன். அதற்குள் காரியம் ஆகிவிட்டது. நுரைக்குள்ளிருந்து முதலாவது பிள்ளைப்பூச்சி தலையை நீட்டியது. மண்வெட்டி போன்ற முன்னங்கால்களை உடைய, புல்லின் வேரைத் தவிர வேறொருவருக்கும் தீங்கு செய்யாத அப்பாவிப் பூச்சி. அதற்குப் பின்னால் அதன் அயலவர்கள், உறவினர்கள், ஊரார் எல்லாரும் வந்தார்கள். கூடவே மண்புழுக்களும் பச்சைப் புழுக்களும்.

சரியாக அந்நேரம்தான், வெயில் சாய முன்னம் வாவிக்கரையில் படம் எடுக்கவென்று மாப்பிள்ளையும் பொம்பிளையும் முன்கூட்டியே வந்து இறங்கினார்கள்.

"ஐயோ, என்ன வடிவா இரிக்கி! நுரையெல்லாம் போட்டு வச்சிரிக்காங்க" என்று பொம்பிளை சேலையைத் தூக்கிக்கொண்டு நடுவில் போய் நின்றாள். மாப்பிள்ளையும் கோட்டும் சூட்டுமாகப் பக்கத்தில் போய் நின்றார். நான் வாயைத் திறக்குமுன் ஒரு பிள்ளைப்பூச்சி அவருடைய காற்சட்டைக்குள் குடிபுகுந்தது.

அவர் ஒரு காலை உதறினார். பிறகு மற்றக் காலை. பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுழன்றார். பாட்டுப் போட வந்த பையன், மாப்பிள்ளை ஆடுகிறார் என்று நினைத்து ஒரு குத்துப்பாட்டைப் போட்டுவிட்டான். படம் எடுப்பவர் "சுப்பர் சேர், அப்பிடியே செய்ங்க!" என்றார்.

வாவிப் பக்கமிருந்து கொக்குகள் வந்தன. வட்டையில் உழவு மெசினுக்குப் பின்னால் நடக்கும் அதே கொக்குகள். அழைப்பிதழ் கிடைத்தவை போல வரிசையாக வந்து இறங்கின. காகமும் மைனாவும் கதிரைகளில் இடம் பிடித்தன. பொம்பிளையின் மாமா ஒருவர் கொக்கைத் துரத்தப் போய், நுரையில் வழுக்கி, உட்கார்ந்த நிலையிலேயே வெகுதூரம் பயணம் செய்தார்.

சுபாஷினி மிஸ் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து நின்றார். நான் கையுறை, கண்ணாடி, முகக்கவசம் எல்லாம் போட்டிருந்ததால் என்னைத் தெரியாது என்று ஒரு நப்பாசை.

"ரஞ்சன்" என்றார்.

"ஓம் மிஸ்."

"பூச்சி கண்டுபிடிக்கிறதுக்கு முழுப் புள்ளி. ஒண்டும் மிச்சமில்லாம எல்லாம் வந்திரிக்கி. மத்த எல்லாத்துக்கும் சைபர்."

நல்ல வேளை, பொம்பிளை விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்ததால் மாப்பிள்ளையும் சிரிக்க வேண்டியதாயிற்று. வரவேற்பை ஹோட்டலின் உள்மண்டபத்துக்கு மாற்றினார்கள். நாங்கள் எல்லாரும் கதிரை சுமந்தோம். பிறகு நான் மட்டும் இருட்டும் வரை நல்ல தண்ணீரால் புல்லைக் கழுவினேன். எனக்காகக் காத்திருந்த வேலை வாளியும் கரண்டியும் பிடித்த ஒருவருக்குப் போனது.

வீட்டுக்குப் போய் மெதுவாகச் சொல்லலாம் என்றிருந்தேன். வாசலில் தர்ஷினி கைத்தொலைபேசியைப் பிடித்தபடி கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளையின் ஆட்டம் எனக்கு முன்னாலேயே குருக்கள்மடம் வந்து, கட்டாரையும் எட்டிவிட்டது. "இஞ்சபாருங்க, பின்னால முகக்கவசத்தோட முழிச்சிக்கிட்டு நிக்கிற ஆள் உங்களப் போலயே இரிக்கே!"

அடுத்த தொகுதியில் மறுபடி படித்தேன். சவர்க்காரப் பாடம் வந்த நாளில் மிஸ் அந்த வீடியோவைச் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டினார். முன்வரிசையில் நான் கண் கொட்டாமல் விழித்திருந்தேன். தேறியும்விட்டேன். இப்போது அதே தொழில்தான். ஒரு வாளிக்கு ஓரிரு மேசைக்கரண்டி சவர்க்காரம். எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

ஆனால் தர்ஷினியின் சொந்தத்தில் அதை நம்ப ஆளில்லை. போன கிழமை அவளுடைய அண்ணன் தன் மகளின் கலியாணத்துக்குச் சொல்ல வந்திருந்தார். வெற்றிலைத் தட்டை நீட்டி, நாள், நேரம், இடம் எல்லாம் ஒழுங்காகச் சொன்னார். பிறகு என் தோளில் கையைப் போட்டு, மிகுந்த அன்போடு சொன்னார்:

"மண்டபம் முழுக்க மார்பிள் தரைதான் மச்சான். நீங்க தாராளமா வரலாம்."