பூனையைப் பார்த்ததில் போன பதவி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. நானும் உங்கள் மாமியாரும் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும்.

எங்கள் அடுக்குமாடிச் சங்கத்துக்கு நீங்கள் ஆசையாகச் செய்து கொடுத்த இணையதளம் அமோகமாக வேலை செய்கிறது. என்னைப் பதவியிலிருந்தே தூக்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை, செயலாளர் என்ற முறையில் கடவுச்சொல் போட்டு உள்ளே நுழைந்து, லிஃப்ட் பழுதைப் பற்றி அறிவிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து மூன்றாம் மாடி பல் மருத்துவர் மின்னஞ்சலில் ஒரு இணைப்பு அனுப்பினார். "சார், இந்தப் பூனையைப் பாருங்க, அப்படியே உங்க ஜாடை." தளத்தை மூடாமலேயே அதையும் திறந்தேன். பூனை மூக்குக்கண்ணாடி போட்டிருந்தது. நான் சிரித்து முடிப்பதற்குள், "உடல்நலக் குறைவால் விலகுகிறேன், அடுத்த செயலாளராகப் பல் மருத்துவரை நியமிக்கிறேன், படிப்பறையை உடற்பயிற்சிக் கூடமாக்கச் சம்மதம்" என்று என் பெயரில் தளத்தில் வந்துவிட்டது.

படிப்பறை போனால் ஓய்வுபெற்ற நாங்கள் எல்லோரும் நாள் முழுக்க அவரவர் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான். செய்தி கேட்டதுமே உங்கள் மாமியாருக்குப் படபடப்பு வந்துவிட்டது.

கூட்டத்தில் "நான் எழுதவே இல்லை" என்று கத்தினேன்.

"உள்ளே நுழைஞ்சது யாரு சார்?"

"நான்தான்."

"உங்க கம்ப்யூட்டர்லேருந்துதானே வந்துச்சு?"

"ஆமா, ஆனா..."

"அப்போ நீங்கதான்."

பல் மருத்துவர் தொழிலுக்குப் பொருத்தமாகச் சிரித்தார். விரைவில் குணமடைய வாழ்த்தி எனக்குப் பூங்கொத்து கொடுத்தார்கள்.

உங்களுக்குப் போன் போட்டால் என்ன சொன்னீர்கள்? "மாமா, இது என் தப்பு இல்ல. ஃப்ரேம்வொர்க்ல ஓட்டை." அது, இணையதளம் கட்டுகிறவர்கள் எல்லாம் ஆயத்தமாக எடுத்துக்கொள்ளும் சட்டகமாம். நான் உள்ளே இருக்கும்போது, அந்தப் பூனைப் பக்கம் போல வேறொரு பக்கம் திருட்டுத்தனமாக என் கணினி வழியே கட்டளை அனுப்பினாலும், தளம் நான்தான் என்று நம்பிவிடுமாம். ஒவ்வொரு படிவத்திலும் ரகசியக் குறி ஒன்று வைத்துச் சரிபார்த்தால் ஏமாறாதாம். "குறி வைக்குது மாமா, சரிபார்க்கத்தான் விட்டுடுது." காவலாளி எல்லோருக்கும் அனுமதிச்சீட்டைக் கொடுத்துவிட்டு, யாரிடமும் சீட்டைக் கேட்காமல் கதவைத் திறந்துவிடுகிறான், அவ்வளவுதானே?

"புதுப் பதிப்பு வந்திருக்கு மாமா, அதைப் போட்டா சரியாயிடும்."

"எப்போ வந்துச்சு?"

"போன வருஷம்."

மாப்பிள்ளை என்கிற மரியாதைக்காக அன்று போனை மெதுவாக வைத்தேன். இனிமேல் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஓட்டையை அடைத்து என் மானத்தைக் காப்பாற்றவும்.

வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கி, நீங்கள் இருவரும் சீரும் சிறப்புமாக இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
எந்த நோயும் இல்லாத உங்கள் மாமனார்

பி.கு.: ஓட்டையை அடைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம் முடியும் வரை அந்தப் பக்கமே போகாதீர்கள். உங்கள் மனைவியிடம் புலம்பினேன். "இதுக்குப் போய் அவரை எதுக்குப்பா கெஞ்சறீங்க?" என்று ஒரு நாய்க்குட்டிப் பக்கம் செய்து அனுப்பினாள். புதிய செயலாளருக்கு அனுப்பி வைத்தேன். இப்போதுதான் பதில் வந்தது: "சூப்பர் சார், ரொம்ப அழகு!"