அரைப்பேர்ப் போர்

மூடுபனியே குடையாக, தேயிலைத் தூர்களே அரணாக, விரல்நுனிக் கொழுந்துக் கறையே வெற்றித் திலகமாக விளங்கிய வீராங்கனை தெய்வம்மாவை வணங்கித் தொடங்குகிறோம். இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறிக் கடல் கடந்தவள். மண்டபம் முகாமின் முடிவிலா வரிசைகளை நின்றே வென்றவள். இருபத்திரண்டு வயதில், கணிப்பொறி என்னும் பூதத்தைக் கண்ணால் காணாமலே அதனோடு பொருதப் புறப்பட்டவள். அவள் முதுகுக் கூடை வாழ்க! கூடையடியில் பாலிதீன் உறைக்குள் ஒளிந்திருந்த பாடப் புத்தகமும் வாழ்க!

போருக்குக் காரணம் ஒரு நாற்காலி. எண்பத்துமூன்றாம் ஆண்டு, தோட்டத்தின் குன்னூர் ஆபீசுக்கு ஒரு கணிப்பொறி வரப்போகிறது என்று பறையறையப்பட்டது. அதற்குக் கட்டளை எழுத ஒருவர் வேண்டும். கோபால் என்னும் கணிமொழியில் தேர்ச்சிச் சான்றிதழோடு தை மாதம் முடிவதற்குள் வருபவருக்கு வேலை. வராவிட்டால் தெய்வம்மாவுக்கு ஆயுள் முழுக்கக் கூடை.

மகள் எந்நேரமும் கோபால் கோபால் என்று முணுமுணுப்பதைக் கேட்டுச் சில நாள் பொறுத்த தந்தை பொன்னுத்துரை, அந்தப் பையன் எந்தத் தோட்டம், அக்கரையில் அட்டன் பக்கமா என்று ஒரு மாலை விசாரித்தார். அது மொழி என்று அறிந்ததும் சற்று ஏமாற்றமடைந்தார்.

ஆசான் காளிமுத்து குன்னூரில் தட்டச்சுப் பள்ளி நடத்தியவர். கோயம்புத்தூரில் ஆறு மாதம் தங்கி அம்மொழியைக் கற்றுவந்தவர். பொறி அவரிடமும் இல்லை. ஆயினும் ஞாயிறுதோறும் பாடம் நடந்தது. கட்டம் போட்ட தாளில், கட்டத்துக்கு ஓர் எழுத்தாக, வரி முடிவில் புள்ளி தவறாமல் எழுதச் சொன்னார். பிறகு போர்த்தந்திரத்தை உரைத்தார்.

“பொறிக்குப் புத்தி கெடையாது அம்மணி. எழுதுனத மட்டும் செய்யும். ஊட்ல யாரையாச்சும் பொறியா உக்கார வெச்சு ஓட்டிப் பாரு.”

அவ்வாறே, தொழிலாளர் வரிசைவீடான லயத்து அறையின் நடுவே, கம்பளி போர்த்திய கணிப்பொறியாகப் பொன்னுத்துரை வீற்றிருந்தார். ஏழு தீப்பெட்டிகள் அவருடைய நினைவகம். தேயிலை விதைகள் அவற்றுள் எண்கள். மகள் எழுதியதை வரிவரியாகப் படித்து, கூட்டென்றால் ஒரு விதை போட்டு, கழியென்றால் ஒரு விதை எடுத்து, முதல் வரிக்குத் திரும்பென்றால் திரும்பி, மலை சரிந்தாலும் மனம் சரியாத மாவீரனென அவர் இயங்கினார். அன்று முதல் வரிக்குத் திரும்பச் சொன்ன தெய்வம்மா, எப்போது நிற்பது என்று எழுத மறந்திருந்தாள். விதை ஏறியது, இறங்கியது, மீண்டும் ஏறியது. ரொட்டி ஆறிற்று. தேங்காய்ச் சம்பல் காய்ந்தது. போதும் நிறுத்துங்கள் என்று அவள் கெஞ்சினாள்.

“எழுதல்லையே புள்ள,” என்றது கணிப்பொறி.

அவள் பென்சிலை எடுத்து நிறுத்தக் கட்டளையை எழுதிய பிறகே அது சாப்பிட்டது.

பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கையில் காளிமுத்து ஒரு மாதிரிக் கேள்வியை வாயாலேயே சொல்லி அனுப்பினார்: தோட்டத்து ஆட்களின் நம்பர், பேர், டிவிஷன் மூன்றையும் வாங்கிப் பட்டியல் போட வேண்டும். தெய்வம்மா எழுதினாள். தந்தைப் பொறி தடையின்றி ஓடியது. தீப்பெட்டிகள் திறந்து மூடின. விதைகள் இடம் பெயர்ந்தன. இருவரும் வெற்றிக் களிப்பில் திளைத்தனர்.

ஞாயிறன்று தாளைப் பார்த்த ஆசான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

“ஏனம்மணி, பேருக்கு நம்பர்க் கட்டம் போட்டிருக்கற. நடுவுல தசமப்புள்ளி வேற. ஆளு என்ன பாதியா வருவாங்களா?”

“கொழுந்து கொறஞ்சா அரப்பேருதானே போடுவாங்க, சேர்?”

அக்கரைத் தோட்டங்களில் ஒரு நாள் முழு வேலைக்குப் பேர் என்று பெயர். கொழுந்து குறைந்த நாளில் அரைப்பேர். அங்கே பிறந்து வளர்ந்த இருவருக்கும் பேர் என்பது எண், பாதியாகவும் வரக்கூடியது. காளிமுத்து கேட்டதோ ஆளைக் கூப்பிடும் பெயர். விஷயம் விளங்கியதும் அவர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தார். அவமானத்தால் காது சிவந்த வீராங்கனையோ, வீடு திரும்பியதும் லயத்து ஆட்களின் பெயர்களையெல்லாம் ஆங்கில எழுத்தில் எழுதி எண்ணினாள். இசக்கிமுத்துவின் பெயரே நீளத்தில் முந்தியது. அதற்கும் மேலே சில கட்டம் கூட்டி, பெயருக்கு இருபது எழுத்துக் கட்டம் என்று சபதமிட்டாள்.

கார்த்திகையில் கோயம்புத்தூர்க் களத்தில், செருப்பைக் கழற்றிவிட்டுக் குளிரறைக்குள் புகுந்து, பூதத்தை முதன்முதலாக நேரில் கண்டாள். அப்பாவைவிடச் சிறியதாக இருந்தது. அவள் எழுதியது ஒரு புள்ளியும் பிசகாமல் ஓடியது; நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.

தை பத்தாம் நாள், கணிப்பொறியே அச்சிட்ட சான்றிதழ் தபாலில் வந்தது. முதல் வகுப்பு! திசையெட்டும் முரசு முழங்குக என்று நாம் ஆணையிடும் வேளையில், தெய்வம்மா தன் பெயரைப் படித்தாள். ஆங்கில எழுத்தில் ‘தெய்வ’ என்பதோடு அது நின்றிருந்தது. மிச்சத்துக்குக் கட்டம் இல்லை. குடும்ப அட்டையில் உள்ள முழுப்பெயர் இல்லாமல் ஆபீசில் வாங்கமாட்டார்கள். இருபது நாள்தான் இருந்தது.

பொன்னுத்துரை தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அரப்பேருதான் போட்டிருக்கான்.”

தெய்வம்மா சிரித்தாள். பிறகு, ஆலகாலமுண்ட கண்டத்தின் அமைதியோடு, ஆயிரம் யானைப் படையைத் தனித்து எதிர்க்கும் திண்மையோடு, கட்டம் போட்ட தாளொன்றை எடுத்து, பிழை எந்த வரியில் இருக்கும், பெயருக்கு எத்தனை கட்டம் ஒதுக்க வேண்டும், அவ்வரியை எப்படி மாற்றி எழுத வேண்டும் என்று, சான்றிதழ் கொடுத்தவர்களுக்கே கோபால் மொழியில் கட்டளை எழுதி, இறுதியில் மறவாமல் புள்ளி வைத்து, பதிவுத் தபாலென்னும் அம்பில் பூட்டி எய்தாள்.

எட்டாம் நாள் முழுப்பெயரோடு வேறு சான்றிதழ் வந்தது; தெய்வம்மா தலை சீவிக்கொண்டு குன்னூர் பஸ்ஸைப் பிடித்தாள்.