கதிர்காமத்துக்கு நேர்ந்த மீசை

மனைவி பக்கத்தில் இல்லாமல் கடலை வாழ்நாளில் ஒரு தடவையாவது பார்த்துவிடுவது என்று நான் தீர்மானித்தது, வெள்ளைக்காரன் போன மறு வருஷம். நாடே சுதந்திரம் அடைந்துவிட்டது. நயினார்கோவில் பக்கம் நாலு வயலும் ஒரு கிணறும் வைத்திருக்கும் இந்தச் சேதுராமன் மட்டும் இன்னும் அடையவில்லை. என்ன நியாயம்?

கொழும்புக்குப் போவது என்று முடிவு செய்தேன். அங்கே புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் நம்மூர் அப்துல் அஜீஸ், ஊருக்கு வரும்போதெல்லாம் கூப்பிடுவார். ஆனால் ஊர் சுற்றப் போகிறேன் என்று என் மனைவி பூமயிலிடம் நேருக்கு நேர் சொல்ல முடியுமா? எனக்கு உயிர்மேல் ஆசை உண்டு. ஆகவே முருகனைத் துணைக்கு இழுத்தேன்.

"பூமயிலு, போன வருஷம் நீ காய்ச்சல்ல கிடந்தியே, அப்ப நான் கதிர்காமத்துக்கு நேந்துக்கிட்டேன்."

"என்னன்னு?"

"முடி காணிக்கைன்னு."

"யாரு முடி?"

"என் முடிதான். தனியா வந்து குடுக்கேன்னு வேண்டிக்கிட்டேன்."

"நானும் வாரேனே. கொழும்பெல்லாம் எப்பப் பாக்குறது?"

"கொழும்புக்கு யாரு போறா? கதிர்காமம்! காடு! யானை! கரடி! நீ வாயேன், நான் வேணாங்கல."

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பார்வை மூக்குக்குக் கீழே வந்து நின்றது.

"மீசையுமா?"

இங்கேதான் சறுக்கினேன். எங்கள் பக்கத்தில் நிலத்தை விற்றவன் உண்டு, மீசையை இறக்கியவன் கிடையாது. எங்கள் அய்யா காலமானபோது எடுத்ததுதான். அதன் பிறகு அதில் கத்தி பட்டதில்லை. நான் தெருவில் வந்தால் முதலில் மீசை வரும், அப்புறம் நான் வருவேன். ஆனாலும் கப்பல் கண்முன்னால் நின்றதே!

"மீசையுந்தான்!" என்றேன் வீராவேசமாக.

"அப்பச் சரி, போயிட்டு வாங்க."

உடனே சரி சொல்லிவிட்டாள். கல்யாணமான நாளாக அவள் எதற்கும் உடனே சரி சொன்னதில்லை. அப்போதே எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

போனேன், பார்த்தேன், திரும்பினேன். தலைமன்னாரில் கப்பல் ஏறி, இலங்கை பின்னால் மங்கிக்கொண்டு போகையில், கம்பியில் சாய்ந்து நின்று நல்லதையும் கெட்டதையும் நினைத்துப் பார்த்தேன். நல்லதெல்லாம் மீசையால் வந்தது. காலிமுகத் திடலில் காற்று வாங்க நடந்தால் ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு பெரிய ஓட்டல் வாசலில் நின்ற காவலாளி, நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சலாம் வைத்தான். அதற்காகவே நான் அந்தப் பக்கம் அடிக்கடி போனேன். போட்டோக் கடைக்காரர் ஒருவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, சும்மாவே படம் பிடித்து, பெரிதாக்கிக் கடைவாசல் கண்ணாடிக்குள் மாட்டிவிட்டார். ராமநாதபுரத்து ராஜா குடும்பம் என்று அஜீஸ் வேறு கிளப்பிவிட்டிருந்தார்.

கெட்டதும் இல்லாமல் இல்லை. கப்பலில் போகும்போதே குடலைக் கடலுக்குத் தானம் செய்துவிட்டேன். சம்பல் என்று ஒன்றைச் சோற்றில் வைத்தார்கள். அதைத் தின்றுவிட்டு அரைமணி நேரம் வாயை மூட முடியவில்லை. கதிர்காமம் என்று பேச்செடுத்தால் அஜீஸ் உதட்டைப் பிதுக்கினார்.

"பஸ்ஸு பாதி வழிதான் மச்சான். அதுக்கு மேல காட்டுக்குள்ள நடக்கணும். போன மாசங்கூட ஒருத்தர யானை தொரத்திருச்சு. அல்லாஹ்தான் காப்பாத்துனான்."

எனக்கு அல்லாஹ்விடமும் சரி, முருகனிடமும் சரி, அவ்வளவு பழக்கம் இல்லை. போகவில்லை.

மீசையைக் கொழும்பிலேயே இறக்கியிருக்கலாம். ஆனால் நாளைக்கும் சலாம் கிடைக்குமே! இன்றைக்கு, நாளைக்கு என்று கப்பலேறும் நாளும் வந்துவிட்டது. தனுஷ்கோடியில் இறங்கி, பாம்பனில் வண்டி மாறி ராமேஸ்வரம் போனேன். அங்கேயே மொட்டை, அங்கேயே விபூதிப் பொட்டலம். பூமயிலுக்கு எந்த ஊர் விபூதி என்று தெரியவா போகிறது?

அக்கினி தீர்த்தக் கரையில் ஒரு நாவிதர் முன்னால் உட்கார்ந்தேன். தலை போனது. அதற்கு நான் கலங்கவில்லை. தலையில் அவர் கை இருக்கிறவரைக்கும் என் வாய் சும்மா இருக்குமா? கொழும்புப் பெருமையை எல்லாம் அவரிடம் அளந்தேன். ஓட்டல் சலாம், கண்ணாடிக்குள் படம், ராஜா குடும்பம், ஒன்று விடவில்லை.

"இப்பேர்ப்பட்ட மீசைய எடுக்கச் சொல்றீகளே அய்யா!" என்றார் அவர்.

"விதிண்ணே! பையச் செய்யுங்க."

கண்ணை இறுக மூடிக்கொண்டேன். இடது பக்கம் சில்லென்று காற்றுப்பட்டது. பாதி ராஜ்யம் போய்விட்டது. அழுகையே வந்தது.

"அண்ணே, கத்திய நிறுத்துங்க."

குரல் நாவிதருடையது அல்ல. கண்ணைத் திறந்தேன். எதிரே பூமயில்! தீர்த்தமாடிய ஈரத்தலையோடு நிற்கிறாள். பக்கத்தில் தகரப் பெட்டி. பெட்டிக்குப் பக்கத்தில் அவள் அண்ணன் கூத்தையா.

"நீ... நீ எப்படி இங்கன?"

"நீங்க எப்படி இங்கன? கதிர்காமத்த இங்கன மாத்திட்டாகளா?"

"அது வந்து பூமயிலு..."

"கோயில் யானைக்கு வாழைப்பழம் குடுக்கவே என்னையத் தள்ளிவிடுற ஆளு நீங்க. காட்டு யானைக்கு நடுவுல நடந்து போயிருப்பீகளாக்கும்? மீசையோட ஊருக்குள்ள கால் வைக்க முடியாது. கப்பல் எறங்குனா கத்தியோட ஆளுக உக்காந்திருக்கது இங்கனதான். ரெண்டு நாளா உங்களுக்காகத்தான் இங்கன கிடக்கேன். இம்புட்டு நேரமும் உங்க முதுகுக்குப் பின்னாலதான் உக்காந்திருந்தேன்."

"அப்ப முதல்லயே நிறுத்தியிருக்கலாமுல்ல? பாதி போச்சே!"

"அண்ணனும் கேட்டாரு. பாதி போகட்டும்னேன்."

நாவிதர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மீதிய எடுக்கவா, வேணாமா?"

"எடுங்கண்ணே!" என்று கத்தினேன்.

"தொடாதீக!" என்றாள் அவள். "காய்ச்சல்ல கிடந்தவ நானு. நேந்தது கதிர்காமத்துக்கு. ஒரு சாமிக்கு நேந்தத இன்னொரு சாமி வாசல்ல எறக்குனா தெய்வக் குத்தம். எனக்குத் திரும்பக் காய்ச்சல் வந்தா யாரு பாக்குறது? போனது போகட்டும், மீதி கதிர்காமத்துலதான்."

வேண்டுதலே பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், முகம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் ஆகிவிடும். ஆனால் எதிரே கோபுரம். பின்னால் கடல். பக்கத்தில் மைத்துனர், அவருக்குத் தண்டால் எடுத்த உடம்பு. வேறு சாக்குத் தேடினேன்.

"போகணும்னா சும்மாவா? அம்மை குத்திக்கிறணும், சீட்டு வாங்கணும்..." என்று இழுத்தேன்.

அவள் ரவிக்கைக் கையை மேலே தள்ளிக் காட்டினாள். அம்மை குத்திய இடம் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. நான் ஊரைவிட்டுக் கிளம்பியதுமே குத்திக்கொண்டிருக்கிறாள்! எனக்குத் தலை சுற்றியது. அதில் முடியும் இல்லாததால் நன்றாகவே சுற்றியது.

"சீட்டெல்லாம் எடுத்தாச்சு மாப்ள," என்றார் கூத்தையா, பெட்டியை என் மொட்டைத் தலையில் ஏற்றியபடி. "நல்லாத் தரிசனம் பண்ணிட்டு வாங்க."

மறுநாள் தனுஷ்கோடித் துறையில், காகிதம் பார்க்கிற அதிகாரி என் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நேத்து ஒரு மீசைக்காரர் வந்தாரே, அவருக்கு நீங்க அண்ணனா?" என்றார். ஆமாம் என்றுவிட்டேன். முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு கப்பலில் ஒரு மூலையில் ஒடுங்கினேன். இந்தத் தடவை குமட்டல்கூட வரவில்லை. அதிர்ச்சியில் குடலும் அசையாமல் நின்றுவிட்டது.

ஒரே ஒரு ஆறுதல்தான் இருந்தது. கதிர்காமத்துக் காட்டில் என்னைத் தெரிந்தவர் யாரும் இல்லை. யானை மிதிக்கும், சிரிக்காது.

"எறங்குன உடனே நேரா கதிர்காமம் போயிருவோம் பூமயிலு," என்றேன்.

அவள் சாவகாசமாக வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"அதுக்கு என்ன அவசரம்? அதக் கடைசில பாத்துக்கலாம். முதல்ல கொழும்பு. உங்களுக்கு அந்தக் காவக்காரன் சலாம் வைக்கிறதப் பாக்கணும். பெறகு அந்தப் போட்டோக் கடையில, கண்ணாடிக்குள்ள இருக்க உங்க படத்துக்குப் பக்கத்துல நின்னு, நாம ரெண்டு பேரும் ஒரு படம் பிடிச்சுக்கணும்."