கணவர் ஓய்வு தினம்

உயிரே போனாலும் பரணில் ஏறுவதில்லை என்று முடிவு செய்தேன். இந்த மாதிரி வீர முடிவுகளை என் மனைவி குளிக்கப் போயிருக்கும்போதுதான் நான் எடுப்பது வழக்கம்.

பரணில் என்னென்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கல்யாணப் பரிசாக வந்த சுவர்க் கடிகாரங்கள் ஒரு மூட்டை. மற்றதெல்லாம் தூசி. வாரத்தில் ஆறு நாள் மாடாய் உழைக்கிறவன் ஏழாவது நாள் ஒட்டடை அடிக்க வேண்டுமா? கட்டையைக் கீழே சாய்க்க ஒரு ஞாயிறு கிடையாதா?

பத்திரிகை ஆபீசில் எனக்கு வேலை. 'இன்றைய நாள்' என்று ஒரு பகுதி வருமே, அது என்னுடையது. இதே தேதியில் யார் பிறந்தார், யார் போய்ச் சேர்ந்தார், எந்தக் கோட்டை விழுந்தது, இன்று என்ன தினம் என்றெல்லாம் எழுத வேண்டும். முந்தின நாளே எழுதிக் கொடுத்துவிடுவேன். சனிக்கிழமை மட்டும் ஞாயிறு, திங்கள் இரண்டுக்கும் சேர்த்து. ஒரு வரி குறைந்தாலும் பக்கம் அமைக்கிற லேஅவுட்காரர் வீட்டுக்கே போன் போடுவார். நானும் சோற்றைப் பிசைந்துகொண்டே வாய்க்கு வந்த ஒரு வரியைச் சொல்வேன். அவரும் மறுபேச்சு இல்லாமல் ஏற்றிவிடுவார். அவருக்குப் பக்கம் நிறைந்தால் போதும்.

இத்தனை நாள் பரணிலிருந்து என்னைக் காப்பாற்றி வந்ததும் இந்தத் தொழில்தான்.

"ஏங்க, இன்னிக்காவது பரணைச் சுத்தம் பண்ணலாமா?"

"இன்னிக்கா? இன்னிக்கு ஒரு பெரிய சிற்பி ஏணியிலேர்ந்து விழுந்து செத்த நாள். எனக்கு மனசு வரல."

"போன வாரம் யாரோ மாலுமி செத்தாரே."

"அவர் பாய்மரத்திலேர்ந்து விழுந்தாரு."

"அதுக்கு முந்தின வாரம்?"

"சிலந்தி பாதுகாப்பு தினம். பரண்ல அதுங்கதானே குடியிருக்கு."

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "இதுல ஒண்ணாவது பேப்பர்ல வந்திச்சா?"

"எல்லாத்தையும் போட இடம் ஏது?"

"சரி, ஒரே பேச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை பேப்பர்ல நீங்க வேலை செய்யக்கூடாதுன்னு அச்சுல வந்திருந்தா, நான் வாயே திறக்கல. வரலைன்னா ஏணி. சம்மதமா?"

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. பேப்பரில் வந்தால் நம்புகிறேன் என்று பேப்பர்காரனிடமே சொல்கிறாளே, பாவம். எனக்கு அவள்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

சனிக்கிழமை ஆபீசில் அந்தத் தேதியில் பிறந்த ஒரு வானியல் மேதைக்கு மூன்று வரி ஒதுக்கியிருந்தேன். மேதையை அப்படியே தூக்கிவிட்டு அந்த இடத்தில் இரண்டு வரி வைத்தேன். 'இன்று கணவர் ஓய்வு தினம். உழைத்துக் களைத்த கணவர்களை இந்நாளில் வீட்டார் தொந்தரவு செய்வதில்லை.' ஆசிரியர் என் பகுதியைப் படிப்பதில்லை. அவ்வளவு நம்பிக்கை.

வீட்டுக்கு வந்து, போனை மேஜைமேல் போட்டுவிட்டு, பாட்டுப் பாடிக்கொண்டே குளித்தேன். வெளியே வந்தால் அவள் என்னைவிடச் சந்தோஷமாக வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"போன் அடிச்சுதா?"

"உங்க ஆபீஸ்தான். பேசிட்டேன், சரியாப் போச்சு."

அப்போதாவது என்ன ஏது என்று கேட்டிருக்க வேண்டும். வெற்றி கண்ணை மறைத்துவிட்டது.

ஞாயிறு காலை. போர்வையை விலக்காமலே குரல் கொடுத்தேன். "ஏம்மா, பேப்பர்ல இன்னிக்கு என்ன தினம்னு போட்டிருக்கு? கொஞ்சம் சத்தமாப் படியேன்."

அவள் கட்டிலில் உட்கார்ந்து நிதானமாகப் படித்தாள். "இன்று கணவர் ஓய்வு தினம்."

"அப்படியா? எனக்கே மறந்துபோச்சு."

"உழைத்துக் களைத்த கணவர்களை இந்நாளில் வீட்டார் தொந்தரவு செய்வதில்லை."

"கேட்டியா? நான் சொன்னா நம்ப மாட்டே."

"பரணைச் சுத்தம் செய்து முடித்த பிறகே இந்த ஓய்வு தொடங்கும் என்பது மரபு."

பேப்பரைப் பிடுங்கினேன். அச்சில் இருந்தது. கொட்டை எழுத்தில் இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

"இது யார் வேலை?"

"லேஅவுட்காரர் நேத்து போன் பண்ணாரு. கணவர் ஓய்வு தினத்துக்குக் கீழே ஒரு வரி குறையுதாம். நீங்க குளிச்சிட்டிருந்தீங்க. பக்கம் வெறுமையாப் போகக்கூடாதேன்னு நானே ஒரு வரி சொன்னேன்."

மூன்று வரியை எடுத்துவிட்டு இரண்டு வரியை வைத்தால் ஒன்று குறையும். ஒன்றாம் வகுப்புக் கணக்கு. கோட்டைகள் விழுந்த தேதியெல்லாம் தெரிந்த நான் கோட்டை விட்டது இங்கேதான்.

அழைப்பு மணி அடித்தது. எதிர் வீட்டுப் பல் டாக்டர். தலை நிறைய ஒட்டடை. கையில் நம் பேப்பர்.

"சார், ஆறு மணிக்கே வீட்டுல எழுப்பி ஏணியில ஏத்திட்டாங்க. இந்த மரபு எந்தக் காலத்துலேர்ந்து இருக்கு?"

"ரொம்பப் பழசு டாக்டர்" என்றேன். வேறு என்ன சொல்ல? அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டே போனார். அடுத்த முறை என் பல்லைப் பிடுங்கும்போது இதை நினைத்துக்கொள்வார்.

கதவைச் சாத்தினேன். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நாளன்னிக்குப் பேப்பர்ல திருத்தம் போடப் போறேன். அந்த வரி பொய்னு ஊருக்கே சொல்றேன்."

"தாராளமாப் போடுங்க." அவள் பேப்பரை அழகாக மடித்தாள். "மூணாவது வரி மட்டும் பொய்னு போடுவீங்களா, மூணு வரியுமேவா? ஆசிரியர் கேட்டா நான் என் வரியைச் சொன்னேன்னு ஒத்துக்கிறேன். மேலே இருக்கிற ரெண்டுக்கு நீங்க பதில் சொல்லிக்குங்க."

யோசித்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். ஒரு பக்கம்தான் ஏணி இருந்தது.

மத்தியானம் வரைக்கும் பரணில் கிடந்தேன். கடிகாரங்கள் ஆளுக்கொரு நேரத்தில் நின்றிருந்தன. மூக்கில் தூசி ஏறி விடாத தும்மல். இன்னும் இரண்டு மூட்டை, அப்புறம் மரபுப்படி ஓய்வு என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தபோது கீழே என் போன் அடித்தது. அவள் எடுத்தாள். நான் அவசரமாக ஏணியில் கால் வைத்தேன்.

"ஏங்க, லேஅவுட்காரர். ஏதோ விளம்பரம் சுருங்கிப்போச்சாம், நாளைக்கும் ஒரு வரி குறையுதாம். நீங்க இறங்க வேண்டாம், நானே சொல்லிக்கறேன்."