சுயபராமரிப்பில் முதல் பரிசு

பெண்குலத்தின் களைப்பை ஒரே சுற்றறிக்கையில் ஒழித்துக்கட்டிய பெருமை, உலகிலேயே அந்தக் காப்பீட்டு அலுவலகத்தின் மேலாளர் ஒருவரைத்தான் சேரும். "மகளிர் ஊழியர் அனைவரும் தினமும் மாலை நான்கு முதல் நாலரை வரை தங்களைத் தாங்களே பேணிக்கொள்ள வேண்டும். தவறினால் விளக்கம் கோரப்படும்" என்று அதில் கண்டிருந்தது.

இவ்வளவு பெரிய திட்டத்துக்கு ஒரு பதிவேடு வேண்டாமா? அது தலைமை எழுத்தரான அக்காவிடம் வந்து சேர்ந்தது. மேலாளர் உட்பட அங்கே எல்லோருக்கும் அவள் அக்காதான். அப்படிக் கூப்பிட்டுவிட்டால் எந்த வேலையையும் தலையில் கட்டிவிடலாம்.

சுற்றறிக்கையைப் பார்த்ததும் அக்காவுக்கு உள்ளூரச் சந்தோஷம். கடைவாய்ப் பல் ஒன்று உயிரை எடுத்துக்கொண்டிருந்தது. பல் டாக்டர் அடுத்த தெருவில்தான் இருந்தார். ஆனால் அவர் ஐந்துக்குக் கதவைச் சாத்துவார். அலுவலகம் விடுவது ஐந்தரைக்கு.

"சார், நாலு மணிக்கு ஒரு எட்டு பல் டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடட்டுமா?"

"என்னக்கா நீங்களே இப்படிக் கேட்டா எப்படி? இருபத்திரண்டு பேரும் தங்களைப் பேணினாங்களா இல்லையான்னு அப்புறம் யாரு பாக்கிறது?"

நியாயம்தானே. தினமும் நான்கு மணிக்கு இருபத்திரண்டு பெண்கள் கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டார்கள். அக்கா ஒரு கையால் கன்னத்தைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் 'பேணினார்', 'பேணினார்' என்று எழுதினாள்.

வீட்டிலும் அக்கறைக்குக் குறைவில்லை. "உன்னை நீ கவனிச்சுக்கவே மாட்டேங்கிற," என்று கணவர் உருகினார். "அந்தச் சட்டையைத் தேச்சுட்டு, டீயைப் போட்டுக் குடுத்துட்டு, பேசாம உக்காரு. நான் வேற ஒண்ணும் கேக்கமாட்டேன்."

மூன்று வாரம் கழித்து மேலாளர் பதிவேட்டைப் புரட்டினார். ஒரே ஒரு பெயருக்கு நேரே எல்லாக் கட்டங்களும் காலி! உடனே குறிப்பாணை அனுப்ப உத்தரவிட்டார். குறிப்பாணை அடிப்பது யார் வேலை? அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும், "தாங்கள் ஏன் தங்களைப் பேணவில்லை?" என்று தனக்குத்தானே தட்டச்சு செய்து, முத்திரை குத்தி, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் போட்டாள். "பேணுவோர் பதிவேட்டைப் பேணிக்கொண்டிருந்தேன்" என்று பதிலும் எழுதி வைத்தாள்.

மேலாளர் முகம் சுளித்தார். "இது நம்மளையே குத்திக்காட்டுற மாதிரி இருக்குக்கா. தலைமை அலுவலகத்துல பாத்தா என்ன நினைப்பாங்க? பேசாம எல்லாக் கட்டத்தையும் நிரப்பிடுங்க."

நிரப்பினாள். கூட்டிப் பார்த்தால், மற்ற எல்லோருக்கும் ஒன்றிரண்டு நாள் விடுப்பு விழுந்திருந்தது; ஒருநாள்கூடத் தவறாமல் தன்னைப் பேணியவள் அவள் ஒருத்திதான். முதல் பரிசு! சான்றிதழையும் அவளே அடித்தாள். வீங்கிய கன்னத்தோடு மேடையில் நின்றவளைக் காட்டி மேலாளர் பெருமிதத்தோடு கைதட்டினார். "பாருங்க, மூணே வாரத்துல அக்கா முகம் எப்படிப் பூரிச்சுப்போச்சு!"

மறுநாள் காய்ச்சல் வந்து படுத்தபிறகுதான் அக்காவுக்கு விடுப்பு கிடைத்தது. பல் டாக்டர் மரத்துப்போகும் ஊசியைப் போட்டுவிட்டு, இடுக்கியைக் கையில் எடுத்தார்.

"தாடை வரைக்கும் சீழ் இறங்கியிருக்கும்மா. பிடுங்குறதைத் தவிர வழியில்லை. மூணு வாரம் முன்னாடி வந்திருந்தா பல்லைக் காப்பாத்தியிருக்கலாம். இத்தனை நாளா என்னதான் பண்ணிட்டிருந்தீங்க?"

 அக்கா கைப்பையைத் திறந்து, சான்றிதழை எடுத்து நீட்டினாள்.